பச்சை எழுத்தில் ஒரு ஃபோல்டர்

பாமாவின் அப்பா கல்யாணசுந்தரம் கோவையில் காலமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் புனே நிக்டியில் அவள் வீட்டு லேப்டாப்பும் படுத்துவிட்டது. அவர் குரல் மிச்சமிருந்தது அதில் மட்டும்தான். தீபாவளிக்கு வந்திருந்தபோது காய்கறி விற்கிற பாஜிவாலாவிடம் அரைகுறை இந்தியில் பேரம் பேசித் தோற்று, விழுந்து விழுந்து சிரித்ததை அவள் கணவன் கோகுல்நாத் பதிவு செய்திருந்தான். அவனோ இப்போது கம்பெனி வேலையாக ஜெர்மனியில்.

பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவளுக்கு இதென்ன பிரமாதம்? லேபில் வழக்கமாகச் செய்கிற வைத்தியம்தான். சி டிரைவை அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றினாள். குரல் இருந்த டி டிரைவின் பக்கமே போகவில்லை. மெஷின் எழுந்து உட்கார்ந்தது. மாமனார் குரலைப் போட்டு கோகுல்நாத் 'மாமா' என்று பெயர் வைத்திருந்த ஃபோல்டரும் அப்படியே இருந்தது, பெயர் மட்டும் பச்சை எழுத்தில். உள்ளே எதைத் தொட்டாலும் அனுமதி இல்லை என்றது. பக்கத்தில் 'ஜெர்மனி' என்று இன்னொன்று, அதுவும் பச்சை.

மீட்டெடுக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை ஓடவிட்டாள். அதுவும் கையை விரித்தது. அப்போதுதான் சந்தேகம் தலைதூக்கியது. மடியில் கனமில்லாதவன் எதற்குப் பூட்டுகிறான்? ஜெர்மனியில் அப்படி என்ன ரகசியம்? சோறு இறங்கவில்லை. அவன் ஃபோனில் சிரித்தால் யார் பக்கத்தில் என்று காதைத் தீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப் படுத்ததை மட்டும் சொல்லிவிட்டு, கேட்டேவிட்டாள்.

"ஏனுங்க, அந்த ஃபோல்டரையெல்லாம் எதுக்குப் பூட்டி வெச்சீங்க?"

"பூட்டா? ஓ, அதுவா! பஸ்ல கொண்டுபோறப்ப களவு போனா எவனும் பாக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணி வெச்சேன்."

"ஜெர்மனின்னு ஒண்ணு இருக்குதுங்களே?"

"விசா பேப்பரு. வேணும்னா பாரு, பாஸ்வேர்டு சொல்றேன்."

தயங்காமல் சொன்னான். இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று பாமாவுக்கு வெட்கமாகிவிட்டது. கூடவே, அப்பாவின் சிரிப்பை இப்போதே கேட்டுவிடலாம் என்று மனம் துள்ளியது. அவன் பெயரில் கணக்குத் திறந்து அந்தப் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தாள். ஃபோல்டர் அசையவில்லை.

"திறக்கலீங்க."

"பாஸ்வேர்டு மட்டும் பத்தாது பாமா. சாவி சி டிரைவுல, விண்டோஸுக்குள்ளயே இருக்குது. அது அழிஞ்சா நானே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. கடையில குடுத்துடாத, மொதல்ல அதைத்தான் அழிப்பானுங்க. அடுத்த மாசம் வந்து மாமா குரலை எடுத்துத் தர்றேன். நீ சி-யைத் தொடலையே?"

அப்பா இரண்டாம் தடவை செத்துப்போனார், இந்தத் தடவை மகள் கையால்.

"தொடலீங்க," என்றாள்.