கடைசி லாச்சியில் ஒரு பென்சில் எழுத்து

"எழுதப்படாது எண்டா எழுதப்படாதுதான் புள்ள—"

"பென்சிலால எழுதினதும் எழுத்தா சேர்? ஒரு தேய்ப்புல போயிரும்—"

"போகட்டும். இந்தா, போகுது!"

நூலகர் அப்துல் ஸமட் சேர் அட்டவணைப் பெட்டியின் கடைசி லாச்சியை இழுத்து, அதில் கிடந்த அட்டையை அழிறப்பரால் அரக்கப்பரக்கத் தேய்த்தார். கல்முனை நூலகத்தில் நூல்விவர அட்டைகள் அடுக்கிய பெட்டிகள் இரண்டு. முதலாவதில் உதவியாளர் ஸுலைஹா எழுதலாம். சாய்ந்தமருது வாசிகசாலைப் புத்தகங்களுக்கான இரண்டாவதைத் திறக்கலாம், பார்க்கலாம், தூசு தட்டலாம். எழுதுவது மட்டும் சேரின் தனியுரிமை. அவருடைய கவிதைப் புத்தகத்துக்கும் அதில்தான் அட்டை. இரண்டு வருடமாக அதை ஒருவரும் கேட்டு வரவில்லை என்பது அவருக்குத் தீராத மனக்குறை.

"இன்னொருக்கா எழுதினா சாவிய வாங்கிருவன். மறுகா நீ முத்திரை குத்துற மேசையிலதான்!"

ஸுலைஹா சாவியை இறுக்கிப் பிடித்தாள். அந்நேரம் பார்த்து சாகாமத்து விவசாயி மீராசாஹிபு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஸைனுலாப்தீன் எழுதின நெல்லு நோய்ப் புத்தகம் வேணும். மூணாந்தரம் பஸ் ஏறி வாறன். வயல் மஞ்சளாப் போகுது."

சேர் வடவெழுத்துப் பெயர்கள் கிடக்கும் கடைசி லாச்சியைக் கிண்டினார். "ஸானாவுக்குள்ள இல்லியே."

"பயிர் சாகுற மாதிரி புத்தகமும் மவுத்தாப் போச்சா?"

சேரின் கையில் அகப்பட்டது, இப்போதுதான் தேய்த்த வெள்ளை அட்டை.

"இதுல என்ன புள்ள எழுதின?"

"நான் எழுதப்படாதே, சேர்."

"சொல்லு!"

"சொல்ல அனுமதி இரிக்கா?" ஸுலைஹாவுக்குச் சிரிப்பு சோடாப் போத்தலாய்ப் பொங்கியது.

"அல்லாஹ்வுக்காகச் சொல்லு மகள், பயிர் சாகுது!"

"'சானா லாச்சியைப் பார்க்கவும்' எண்டு எழுதின நான். ரெண்டு வருஷத்துக்கு முதல் சேருக்குத் தனித்தமிழ் ஆசை வந்திச்சே, அப்ப ஸானா எல்லாத்தையும் சானாவாக்கிட்டாரு."

சானா லாச்சியை இழுத்தால், 'சைனுலாப்தீன்' சுகமாகப் படுத்திருந்தார். மீராசாஹிபு மேசையில் அடித்துச் சிரித்தார். சேர் மீசையைக் கடித்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனையை உருவி நீட்டினார்.

"எழுது புள்ள. மையாலேயே எழுது. எல்லா ஸானாவுக்கும்."

விக்கல் எடுக்கச் சிரித்தபடி ஸுலைஹா பேனையை வாங்கினாள்.

"சானாவுக்குள்ள 'சமது' எண்டு ஒரு கவிஞரும் ரெண்டு வருஷமாப் படுத்திருக்காரு சேர், அவர்ல இருந்து தொடங்கவா?"