குறுக்குமரம்

மூன்றாவது வாளியிலும் தண்ணீர் சிவந்துதான் வந்தது. கதவின் இரும்புக் குமிழில் ஒட்டியிருந்த நரைமுடியை ஆனந்தி நகத்தால் எடுத்து, யாரும் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். கூடத்தில் மாமனார் துரைசுவாமி தலையில் கட்டோடு பிணமாகக் கிடந்தார்.

காலையில் அவள் புருஷன் லோகேஷ், பீர்மேட்டு ரிசார்ட்டுக்குக் கதவைப் பெயர்த்துக் கொடுக்க லாரியும் ஆட்களுமாக வந்து நின்றான். கணவாய் வழியாக எருதுகளில் மிளகு ஏற்றிப்போன வணிகர்கள் கட்டிய வீடு. அந்தக் கதவில் ஒன்பது வெட்டுத் தழும்புகள். கொள்ளைக்காரர்களின் வாள் பட்டது என்று, சித்தூர் கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்ற மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் விரல் வைத்துக் காட்டுவார். இன்றைக்கும் கதவை மறித்து நின்றார். லோகேஷ் பிடரியைப் பிடித்துக் குமிழில் மோதினான். ஒரு தடவையோடு விட்டிருந்தால் கோபம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பாவி, திரும்பவும் மோதினான். லாரிக்காரன் ஆட்களோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிட்டான்.

படி தடுக்கி விழுந்ததாகத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. மாமியார் தர்மாம்பாளும், கேட்டவர்களிடமெல்லாம் தலையை ஆட்டினாள். உச்சிக்குள் எரித்துவிட வேண்டும் என்று லோகேஷ் பறந்தான்.

துடைத்துக்கொண்டிருந்தவள் அருகில் வந்து குனிந்தான். "நீ ஒண்ணும் பாக்கல. வாயத் தொறந்தீன்னா உனக்கும் இதே கதிதான்."

"ரெண்டாவது தடவ எதுக்குங்க மோதுனீங்க?"

அறைந்த அறையில் காதுக்குள் ரீங்காரம் கேட்டது. உதட்டில் உப்புக் கரித்தது. அவன் பாடை கட்டுகிற இடத்துக்குப் போனான். வந்திருந்தவர்களும் பின்னாலேயே பந்தலுக்குப் போனார்கள்.

ஆனந்தி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். வர அரைமணி ஆகுமாம். அதற்குள் சுடுகாட்டுக்குத் தூக்கிவிட்டால் சாம்பல்தான் மிஞ்சும். கொல்லைக் கதவைப் பூட்டினாள். முன்கதவை இழுத்துச் சாத்தினாள். சுவரோரம் குறுக்குமரம் கிடந்தது. கொள்ளைக்குப் பயந்து அந்தக் காலத்தில் கதவுக்குக் குறுக்கே உள்ளிருந்து போட்டது. அவள் வாழவந்த நாளிலிருந்து அதன்மேல் குடையும் பையும்தான் கிடந்தன. இரண்டு ஆள் தூக்கும் கனம். ஒரு முனையை எப்படியோ கொக்கியில் ஏற்றினாள். மறுமுனை நழுவிக் கால்மேல் விழுந்தது. நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது.

"தொறடி!" வெளியே லோகேஷ் உதைத்தான். கதவு ஒரு சாண் உள்ளே வந்தது. ஆனந்தி முதுகைக் கொடுத்துத் தள்ளினாள்.

புருஷன் காலடியில் உட்கார்ந்திருந்த தர்மாம்பாள் எழுந்து வந்தாள். ஆனந்தி கதவில் இன்னும் அழுத்திச் சாய்ந்தாள். பெற்றவள் அல்லவா, மகனுக்குத்தானே திறப்பாள்.

தர்மாம்பாள் குனிந்து மரத்தின் மறுமுனையைப் பிடித்தாள்.

"தூக்கு கண்ணு."

மரம் கொக்கிகளில் உட்கார்ந்தது. வெளியே கடப்பாரையின் முதல் அடி விழுந்தது. உத்தரத்துத் தூசி உதிர்ந்து கிடந்தவர் முகத்தில் படிந்தது. தர்மாம்பாள் போய் உட்கார்ந்து, அதை முந்தானையால் துடைத்துவிட்டாள்.