முகூர்த்தம் ரத்து

திரையில் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்ததும் ஜாஸ்லினுக்கு உயிர் வந்தது. பல மாதமாக அவள் எழுதிய இணையதளம் முதல் முறையாக நிஜ டேட்டாபேஸோடு பேசிவிட்டது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடத்திக் கொடுக்கும் இராஜாங்கத்துக்காகச் செய்த தளம் அது. அறை, சாப்பாடு, மேளம் எல்லாவற்றையும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்தே பதிவு செய்துகொள்ளலாம். இதுவரை டேட்டாபேஸின் நகலை வைத்துத்தான் சோதித்துப் பார்த்திருந்தாள். இன்றுதான் லைவ்.

"வந்துருச்சு ஆன்டோ!"

மேரீஸ் கார்னர் நாற்சந்திக்குப் பக்கத்து மாடி அலுவலகத்தில் அவளோடு வேலை பார்க்கும் ஆன்டோ எட்டிப் பார்த்தான்.

"வந்துருச்சு, சரி. ஏன் எல்லாப் பேருக்கும் நேரா ரத்து ரத்துன்னு இருக்கு?"

ஜாஸ்லின் தான் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தாள். சோதிக்கும்போது பழைய பதிவுகளை ஒழித்துவிட்டுத் தொடங்க வசதியாக ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். தளம் இணைந்தவுடன் எல்லாப் பதிவையும் ரத்து செய்யும் வரி. அதை எடுக்க மறந்துவிட்டாள். நகலில் ரத்து செய்தால் யாருக்கும் மெசேஜ் போகாது. இங்கே போகும்.

இணைப்பைத் துண்டித்தாள். அதற்குள் போன் அடித்தது. இராஜாங்கம்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? விசேஷம் ரத்துன்னு மெசேஜ் வந்திருக்காம், போன் மேல போன் வருது. நாளன்னிக்கு முகூர்த்தத்துக்கு இலை வரைக்கும் சொல்லியாச்சு!"

"தப்பு என்னோடதுதாங்க. பழையபடி ஆக்கிடுறேன்."

"போன மெசேஜைத் திருப்பி வாங்க முடியுமா?"

அவள் போன் நம்பர் பட்டியலைத் திறந்தாள்.

காலையில் எடுத்து வைத்த பேக்கப்பை ஆன்டோ ஏற்றத் தொடங்கினான். அது நத்தையாக நகர்ந்தது. ஏறாமல் போனால் என்ற பயத்தை ஒதுக்கிவிட்டு, ஜாஸ்லின் ஒவ்வொரு வீடாகப் போன் செய்தாள். சிலர் திட்டினார்கள். சிலர் மெசேஜையே பார்த்திருக்கவில்லை.

திருவிடைமருதூரில், ஓய்வுபெற்ற ஆசிரியர் பஞ்சாபகேசனின் வீட்டில் அவர் மனைவி சரசா எடுத்தார்.

"ரத்து இல்லையாம்மா? நிஜமாவா? சாமியே வேண்டாம்னுடுத்துன்னு இவர் படுத்துட்டார். பையன் சாய்ராம் துபாய் ஏர்போர்ட்ல இருந்தான். வராதேடான்னு அவன்கிட்டயும் சொல்லிட்டார். வருஷக்கணக்கா ஊருக்கு வராத பிள்ளைம்மா."

"அவர் நம்பரைக் குடுங்கம்மா, நான் பேசுறேன்."

சாய்ராமின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும். அவளுடைய அண்ணன் குவைத்தில் இருந்தான்; லீவு வாங்க அவன் படும் பாடு அவளுக்குத் தெரியும். வாசல் வரை வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டோமோ என்ற நினைப்பு அவளை விடவில்லை. "மாதாவே," என்று முணுமுணுத்தாள்.

"ஏறிடுச்சு!" என்றான் ஆன்டோ. பதிவுகள் பழையபடி வந்து நின்றன. அவளுக்கு அதைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

சாயங்காலம் சரசாவே கூப்பிட்டார்.

"சாய்ராம் மெட்ராஸ்ல இறங்கிட்டாம்மா!"

"அப்பா வேணாம்னு சொன்னாரே?"

"இவர் சொல்லை அவன் என்னிக்குக் கேட்டிருக்கான்? கோவில்ல முடியலேன்னா ஆத்துலயே மாலை மாத்திக்கோங்கோன்னுட்டு ஏறிட்டானாம்."

சிரிக்கப் போன ஜாஸ்லினுக்கு அழுகைதான் வந்தது.

"சார் எழுந்துட்டாரா?"

"எழுந்து காபி குடிச்சார். மனசுதான் ஆறலை, பரிகாரம் பண்ணணுங்கறார். உன்மேல கோபம்தான். போகட்டும் விடு."

மறுநாள் தளத்தை மறுபடி இணைத்துப் பார்க்க இராஜாங்கம் அரை மனதோடு சரி என்றார். அந்த வரியை நீக்கினார்கள். மெசேஜ் போகும் வழியையும் அடைத்து வைத்தார்கள். ஆன்டோ ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டு வாசித்தான். கடைசி வரியும் முடிந்தது. ஜாஸ்லினின் விரல் பொத்தான் மேல் அப்படியே நின்றது.

"அமுக்கு," என்றான்.

"இருடா. இன்னொரு தடவை முதல்லேர்ந்து வாசி."