தலைவருக்குத் தெளிவாகத் தெரிந்த திரை

பரமநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் தலைப்பால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்திருந்த மடிக்கணினித் திரையில் கிளிப் படம் வெளிறிக் கிடந்தது. கடையில் பார்த்தபோது இதே கிளிதான் பச்சைப் பசேலென்று, கொத்த வருவது போல இருந்தது. ஏழு கிலோமீட்டர் பஸ் பயணத்தில் ஒரு கிளிக்கு இப்படியா சோகை பிடிக்கும்?

"தவமணி, இஞ்ச ஒருக்கா வா. இந்தக் கிளி என்ன நிறம்?"

அடுப்படி வாசலில் நின்றபடியே அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "கிளியோ? எனக்குக் காகம் மாதிரிக் கிடக்கு."

விஷயம் கிளியோடு முடிவதாக இல்லை.

ஆயர் ஈத்தாம் ஊர்த் தமிழர் அறிவு வளர்ச்சிச் சபைக்குப் பதினோரு ஆண்டுகளாகப் பரமநாதன்தான் செயலாளர். சபை வளர்த்த அறிவு எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாரும் விசாரித்ததில்லை. ஆனால் 1995 பிறந்ததும், சபை நவீனமாகிவிட வேண்டும் என்று தலைவர் விநாசித்தம்பி முடிவு செய்துவிட்டார். கணினி வாங்கும் பொறுப்பு செயலாளருக்கு. "திரைதான் முக்கியம். சனிக்கிழமை நிர்வாகக் குழு பார்க்கும். திரை சரியில்லையெண்டால், ஞாயிறு பொதுக்கூட்டத்தில வேற செயலாளரைப் பார்ப்பம்" என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அந்த வேறு செயலாளர் குழு உறுப்பினர் திருநாவுக்கரசுதான். புதுச் சட்டைக்கு அளவு கொடுத்தாயிற்று என்று கேள்வி.

பரமநாதன் சோர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். கிளி பச்சையாகிவிட்டது. திடுக்கிட்டு எழுந்தார். வெளுத்துவிட்டது. உட்கார்ந்தார், பச்சை. எழுந்தார், வெள்ளை. பத்துத் தடவை இப்படி நடந்ததைப் பார்த்த தவமணி, "கோயிலில போடுற தோப்புக்கரணத்தை வீட்டில ஏனப்பா போடுறியள்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டணத்தில் கணினி வாங்கிய கடை இருக்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பஸ் ஏறினார். கடைக்காரர் நூர் முகம்மது சிரித்தார்.

"அண்ணே, மெஷின் ஓகேலா. இது டிவி இல்ல. நேரா உக்காந்து பாத்தாத்தான் கலர் வரும். சைட்ல இருந்து பாத்தா கறுப்பு, மேல இருந்து பாத்தா வெள்ளை."

"அப்ப ஒரு ஆளுக்குத்தான் தெரியுமோ?"

"ஒரு ஆளுக்குத்தான். சைட்ல இந்தச் சக்கரம் இருக்கு பாருங்க, திருகினா வெளிச்சம் மாறும். ஆனா ஒங்களுக்குச் சரியா வெச்சா பக்கத்து ஆளுக்குக் கெட்டுப் போயிடும்."

"எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஒண்டு இல்லையோ?"

"இருக்குண்ணே. அந்த வெலைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கெரெத்தா வாங்கி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகலாம்."

ஒன்பது பேர் கூடிப் பார்க்க வேண்டிய பொருளை ஒருவருக்கு மட்டும் தெரிகிறாற்போல் எதற்குச் செய்தார்கள் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தார். மார்க்கெட் நிறுத்தம் வந்தது. விடை வரவில்லை.

சனிக்கிழமை மாலை நிர்வாகக் குழு கூடியது. நீள மேசை. அதன் ஒரு முனையில் தலைவர் விநாசித்தம்பி. இரு பக்கமும் சபையில் சேர்ந்த வருட வரிசைப்படி எட்டுப் பேர். கூட்டம் தொடங்கிவிட்டால் செயலாளரைத் தவிர யாரும் இருக்கையை விட்டு எழக் கூடாது. 1968-இல் ஒரு கூட்டத்தில் நாற்காலி ஒன்று பறந்ததிலிருந்து இது சபையின் வழக்கம். தலைவர் இரண்டு மெத்தை போட்டு அதன் மேல் அமர்வார். அவர் உயரம் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும்; மெத்தை எதற்கு என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

எந்தப் பொருளும் முதலில் தலைவருக்கு. பரமநாதன் கணினியை அவர் முன்னால் வைத்துத் திறந்தார்.

தலைவர் இரண்டு மெத்தை உயரத்திலிருந்து கீழே நோக்கினார். "என்ன இது? பனி மூட்டமாக் கிடக்கு."

"எனக்குக் கறுப்பா இருக்குங்க" என்றார் வலப்பக்கத்தவர்.

"எனக்கு போட்டோ நெகட்டிவ் மாதிரி இருக்கு. கிளிக்குக் கண்ணு வெள்ளையா இருக்கே!" என்றார் இடப்பக்கத்திலிருந்து திருநாவுக்கரசு. அவர் குரலில் வருத்தம் இல்லை. "வெளிச்சம் மாத்த ஒரு சக்கரம் இருக்குமே, எங்க? தள்ளுங்க, நான் திருகிப் பாக்குறேன்."

திருகினார். அவருக்குக் கிளி வந்தது, தலைவருக்கு இருந்த பனியும் போய்ச் சுண்ணாம்பாயிற்று. வலப்பக்கத்தவர் கை நீட்டித் திருகினார். திருநாவுக்கரசுக்குக் கிளி பறந்துவிட்டது. கணினி மேசையைச் சுற்றி இரண்டு வட்டம் வந்து மறுபடி தலைவர் முன்னால் நின்றது. எட்டுப் பேர் திருகி, எட்டு நிறத்தில் எட்டுக் கிளி பார்த்தார்கள்.

"செயலாளரே, ரிப்பேர் சாமானை வாங்கிட்டு வந்துட்டீங்களே!" என்றார் திருநாவுக்கரசு.

பரமநாதன் தலைவரின் மெத்தைகளைப் பார்த்தார். ஒரு மெத்தையை எடுத்தால் போதும். ஆனால் அதை எந்த வாயால் சொல்வது? மூடியை இன்னும் பின்னால் சாய்க்கலாமென்றால் கீல் முனகியது. ஒடிந்தால் பதவியும் சேர்ந்து ஒடியும். தலைவரை இறக்க முடியாது. அப்படியானால்?

அலமாரிக்கு ஓடினார். சபை தொடங்கிய நாளிலிருந்து எழுதி, கட்டடம் செய்து, யாரும் புரட்டாமல் வைத்திருந்த கூட்டக் குறிப்புப் புத்தகங்களில் மூன்றை எடுத்து வந்தார். கணினியைத் தூக்கி அவற்றின் மேல் வைத்தார். அந்தப் புத்தகங்கள் சபைக்குச் செய்த முதல் உதவி அது.

தலைவரின் முகம் மலர்ந்தது. "ஆ! இப்ப பாருங்கோ! கண்ணாடி மாதிரி! இறகு இறகாத் தெரியுது!"

பிறகு வலப்பக்கத்தவர், "ஆமாங்க, இப்ப நல்லாத் தெளிஞ்சிருச்சு" என்றார். அவருக்கு அடுத்தவரும் அதையே சொன்னார். கடைசியில் திருநாவுக்கரசும், "ம்... பச்சையாத்தான் இருக்கு" என்றார்.

பரமநாதன் மெல்ல நகர்ந்து திருநாவுக்கரசின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அட்டைக் கறுப்பு. கிளியும் இல்லை, கிளையும் இல்லை. அவர் தம் கண்ணைச் சந்தேகித்தார். பிறகு ஒன்பது பேர் கண்ணையும் சந்தேகித்தார். 'திரை அனைவருக்கும் தெளிவாகத் தெரிந்தது' என்று குறிப்பில் எழுதினார்.

"நாளைக்கு ஒருத்தரும் காகிதம் கொண்டுவரக் கூடாது" என்று தலைவர் அறிவித்தார். "செயலாளர் அறிக்கையைக் கொம்பியூட்டரைப் பார்த்துத்தான் வாசிக்க வேணும்."

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் இரண்டு மெத்தை, அவற்றின் மேல் தலைவர். அவருக்கு எதிரே மூன்று குறிப்புப் புத்தகம், அவற்றின் மேல் கணினி. பரமநாதன் முந்தின இரவு முழுக்கத் தட்டிய இந்த வருடத்து அறிக்கை அதில் ஒளிர்ந்தது, தலைவருக்கு. பக்கத்தில் நின்ற பரமநாதனுக்கு ஒலிபெருக்கி தெரிந்தது, சனம் தெரிந்தது, முன்வரிசையில் புதுச் சட்டையோடு திருநாவுக்கரசு தெரிந்தார். திரை மட்டும் கறுப்பாக இருந்தது. தலைவருக்கு முன்னால் குறுக்கே போய்க் குனிவதற்குச் சபையில் வழக்கம் இல்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டார். வாயைத் திறந்தால் போன வருட அறிக்கைதான் வந்தது. மனப்பாடமாக இருந்தது அது ஒன்றுதான். நாவன்மைப் போட்டி, பத்து காவான் என்ற ஊருக்குச் சென்ற சுற்றுலா, ஒழுகும் கூரை, கூரைக்காக அமைத்த குழு, எல்லாவற்றையும் திரையை உற்றுப் பார்த்தபடியே ஒப்பித்தார். தலைவர் திரையைப் பார்த்துக்கொண்டே வரிக்கு வரி தலையாட்டினார். கைதட்டல் கூரையை இன்னும் கொஞ்சம் ஒழுக வைத்திருக்கும். பரமநாதன் பன்னிரண்டாம் ஆண்டுக்கும் ஏகமனதாகச் செயலாளரானார்.

திரும்பும் பஸ்ஸில் தவமணி கேட்டாள்: "போன வருசத்து அறிக்கையை ஏனப்பா திரும்ப வாசிச்சனீங்கள்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வருசம் சுற்றுலாவில எனக்குத்தானே வாந்தி வந்தது. மறப்பனே?"

"எனக்குத் திரை தெரியேல்லை, தவமணி."

"தலைவருக்கு?"

"அவருக்கு நல்லாத் தெரிஞ்சது. எழுத்தெழுத்தாத் தெரிஞ்சதெண்டு என்ர கையைப் பிடிச்சுச் சொன்னவர்."

"திரையில இருந்தது இந்த வருசத்தது, நீங்கள் வாசிச்சது போன வருசத்தது. பிறகேன் தலையாட்டினவர்?"

பரமநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார்.