சாய்கட்டை

வாப்பாவின் உடலை வைத்திருந்த சந்தூக்கைத் தூக்க ஆட்கள் குனிந்தபோது, ரஹீமுன்னிசா திரைக்குப் பின்னாலிருந்து சாச்சாவை மறுபடி கூப்பிட்டாள்.

"கால்வா மரப்பாலத்துல கும்பலா ஏறாதீங்க சாச்சா. அடியில ஒரு சாய்கட்டை மழையில ஒடஞ்சி பூடுச்சு. நாலு நாலு பேரா போங்க."

வாப்பாவின் தம்பி சௌக்கத் அலி திரும்பிப் பார்க்கவில்லை. "தோள் குடுக்கத்தான் ராயபுரத்திலேர்ந்து வந்துகீறாங்க. நாலு பேரு போதும்னு யாராண்ட சொல்றது? உள்ள போ, கண்ணு."

வாப்பா பக்ருதீன் முப்பது வருடம் ரயில்வே பாலங்களுக்கு ஆணி அறைந்தவர். சாயங்காலங்களில் முன்னறையில் தெருப்பிள்ளைகளை உட்காரவைத்து, ஈர்க்குச்சியாலும் நூலாலும் பாலம் கட்டக் கற்றுக்கொடுப்பார். சதுரமாகக் கட்டினால் விரல் பட்டதும் சாயும். குறுக்கே சாய்வாக, சாய்கட்டை மாதிரி ஒரு குச்சி வைத்தால் செங்கல்லையே தாங்கும்.

பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட ரஹீமுன்னிசா அதையெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். பாலம் சரிந்துபோனால் வாப்பா தண்ணீர் குடிக்க வருவதுபோல அதைக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வருவார்.

"எங்க வுட்டேன் பாரு" என்பார் மெதுவாக.

அவள் விரலால் காட்டுவாள். அவர் வெளியே போய்த் தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்வார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அவள் தம்ளரைக் கழுவி வைப்பாள். மூன்று வருடங்களில் ஒரு நாளும் அவர் அவள் பெயரைச் சொன்னதில்லை.

சாய்கட்டை போனதைப் பின்ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, போன செவ்வாய்க்கிழமை அவரிடம்தான் சொன்னாள். காய்ச்சலில் கிடந்தவர், "எய்ந்ததும் நானே போயி சொல்றேன்" என்றார். எழவில்லை.

கலிமா சத்தம் தெருமுனை வரை போய்விட்டது. பெண்களுக்கு நடுவே நின்றிருந்த பக்கத்து வீட்டுக் கெங்கம்மாவின் மகள் வேம்புவை ரஹீமுன்னிசா கையைப் பிடித்து இழுத்தாள். வேம்புவுக்கு எட்டு வயது. சாயங்காலப் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி.

"ஓடு. நாலு நாலு பேராத்தான் பாலத்துல போவணுமாம். பக்ருதீன் தாத்தா சொன்னாருன்னு சொல்லு."

பின்ஜன்னலில் கால்வாயும் மரப்பாலமும் தெரிந்தன. வேம்பு குறுக்குச் சந்து வழியாக ஓடிப் பாலத்து வாயில் கைகளை விரித்து நின்றாள். கூட்டம் நின்றது. யாரோ அதட்டினார்கள். பிறகு சௌக்கத் அலி கையை உயர்த்தினார். நான்கு பேர் மட்டும் சந்தூக்குடன் ஏறினார்கள். நடுவில் பலகை ஒரு பக்கமாக இறங்கியது. அவர்கள் நின்று, காலை மாற்றி வைத்து, அக்கரைக்குப் போனார்கள். மற்றவர்கள் நாலு நாலு பேராகப் பின்னால் போனார்கள்.

வேம்பு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "மவுத்தாயும் அண்ணன் நம்மள பாத்துகினு கீறாருன்னு உங்க சாச்சா அயுதாரு, அக்கா."

அதைக் கேட்டுப் பெண்கள் மறுபடி அழுதார்கள். சாச்சி வேம்புவைக் கட்டிக்கொண்டு, அவள் கையில் பேரீச்சம்பழம் வைத்தாள்.

ரஹீமுன்னிசா முன்னறைக்குப் போனாள். பிள்ளைகள் கடைசியாகக் கட்டிய குச்சிப்பாலம் செங்கல்லோடு மூலையில் இருந்தது. ஒரு குறுக்குக் குச்சியை உருவினாள். செங்கல் ஒரு பக்கமாகச் சரிந்தது. அது விழுவதற்குள் உள்ளங்கையை அடியில் கொடுத்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.