மாத்திரை வரவைத்தது

என் தங்கைக்குக் கால்பந்து மைதானத்தில் பூட்டு என்று பெயர். அவள் கோலில் நின்றால் பந்து உள்ளே போகாது என்பதால் வைத்தது. வீட்டில் அவள் எதையும் பூட்டி வைக்கிறவள் இல்லை. குளியலறைக் கதவைக்கூடச் சாத்தாமல், வாயில் நுரையோடு, அன்றைய ஆட்டம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கொப்பளிப்பாள்.

போன வருட அரையிறுதியில், கார்னரிலிருந்து வந்த பந்தைத் தட்டிவிடப் பாய்ந்தபோது அவள் தலை கோல் கம்பத்தில் மோதியது. மேல் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. விழுந்தாள், எழுந்தாள், கையுறையைத் தட்டிக்கொண்டாள், கடைசிவரை நின்று ஆடினாள். மைதானமே கைதட்டியது. ஓடிப்போய் அவளை வெளியே இழுத்துவர வேண்டியவர்களும் சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மூளை கொஞ்சம் குலுங்கியிருக்கு. ரெண்டு வாரம் ரெஸ்ட் எடு, சரியாயிடும்" என்றார் கிளப் டாக்டர். அவருடைய கண்ணாடி எப்போதும் மூக்கில் வழிந்துகொண்டிருக்கும். நான் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். காதோரம் ஒரு திருகை இறுக்கினால் போதும் என்று எனக்குத் தெரியும். அதைக்கூடச் செய்துகொள்ளாத மனிதர் என் தங்கையின் தலைக்குள் என்ன பார்த்துவிடுவார் என்று அன்றைக்கே தோன்றியது. ஆண்கள் அணியில் ஒருவனுக்கு அதே போல அடிபட்டு, அவர் சொன்ன கெடுவுக்குள் திரும்பி வந்திருந்தான். அவன்தான் அவருக்கு அளவுகோல்.

இவள் திரும்பவில்லை. டியூப் லைட் போட்டால் கண்ணை மூடிக்கொண்டாள். மிக்ஸி ஓடினால் வாசலுக்குப் போய் நின்றாள். பேச ஆரம்பித்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், மீதி என்னிடம் இருப்பதைப் போல. கடையில் சாயத் தொட்டியைச் சூடேற்றி அவளுக்கென்று ஒரு ஜோடி லென்ஸைப் பழுப்பில் முக்கி எடுத்தேன். போதவில்லை என்றாள். மறுபடி முக்கினேன். கடைசியில் முதலாளி எடுத்துப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டு வெல்டிங் பண்ணலாமே" என்றார்.

மாதங்கள் போயின. கிளப்பில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. "பொண்ணுங்க கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க" என்று கிளப் டாக்டர் கோச்சிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் அடுத்த அணித் தேர்வுவரை அவள் இடத்தை வைத்திருப்பதாகக் கோச் வாக்குக் கொடுத்திருந்தார். என் வாயால் அது போய்விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த இடம் ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. சின்ன வயதிலிருந்து அவள் வேறு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு தடவையும் அந்த டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்பார்: "பீரியட்ஸ் எல்லாம் ரெகுலரா?"

"ரெகுலர் சார்" என்பாள் இவள்.

அந்த அணியில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொல்வார்கள். வரவில்லை என்றால் சாப்பாடு போதவில்லை என்று எடை மேடையில் ஏற்றி, பெஞ்சில் உட்கார வைப்பார்கள். வலியோடு வருகிறது என்றால் இவளை நம்பி இறக்க முடியாது என்பார்கள். ஆகவே, வந்தாலும் வராவிட்டாலும் ரெகுலர். அது அவர்களுக்குப் பெயரைச் சொல்வது மாதிரி வாயில் வந்துவிடும்.

எங்கள் இருவருக்கும் சேர்த்து நாப்கின் வாங்குகிறவள் நான். குளியலறை அலமாரியில் பாக்கெட் தீரவே இல்லை என்பது எனக்கு உறைக்கவே நாளாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"உனக்கு எப்போடி கடைசியா வந்துச்சு?"

"கம்பத்துல இடிச்சதுக்கு அப்புறம் வரலைக்கா."

"இத்தனை மாசமாவா? ஏன் சொல்லலை?"

"நிம்மதியா இருந்துச்சு. தலைவலியோட அந்த வலியும் எதுக்கு? டீம்ல சொன்னேன், கொடுத்து வச்சவன்னாங்க."

அதை அம்மா கேட்டுவிட்டாள். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். சட்டையின் உள்பக்கத்தைப் பார்த்தே போட்டவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவாள். அவள் புத்தி நேராக ஒரே இடத்துக்குத்தான் போயிற்று. அன்று சாயங்காலம் மருந்துக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்து தங்கையின் கையில் திணித்து, "உள்ள போய்ப் பார்த்துட்டு வா" என்றாள். ஒரு கோடுதான் வந்தது, கர்ப்பம் இல்லை. அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை, இன்னொன்று வாங்கி வந்தாள். அதிலும் ஒரு கோடு. தங்கை மறுப்பும் சொல்லவில்லை, சண்டையும் போடவில்லை. பழைய பூட்டாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேறு டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

அம்மாவின் சந்தேகம் தீர்ந்து, நான் ஹார்மோன் டாக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது, அடிபட்டு ஒரு வருடம் முடியவிருந்தது. அந்த டாக்டர் ஒரு பெண். கம்ப்யூட்டரைத் தள்ளிவைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அடிபட்டது மாசத்துல எந்தச் சமயம்னு ஞாபகம் இருக்கா?"

"வர்றதுக்கு ஒரு வாரம் இருந்துச்சு. அந்த மேட்ச்ல வந்துடக் கூடாதேன்னு நினைச்சேன்."

"அந்தச் சமயத்துல ஒரு ஹார்மோன் உச்சத்துல இருக்கும். அடிபட்ட வேகத்துல அது சட்டுனு விழுந்துட்டா, தேறுறதுக்கு நாள் இழுக்குதுன்னு சிலர் சொல்றாங்க. உறுதியா யாருக்கும் தெரியாது."

"ஏன் தெரியாது?" என்று நான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"ரொம்ப நாளா ஆம்பளை ஆட்டக்காரங்களை வச்சேதான் அதிகம் பார்த்திருக்காங்க. பொண்ணுங்களுக்கு மாசத்துக்குள்ளேயே ஹார்மோன் ஏறி இறங்கும், கணக்கு குழம்பிடும்னு சேர்க்காம விட்டுட்டாங்கம்மா."

கணக்கு குழம்பிவிடுமாம். குழம்பிக் கிடக்கிறவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மறுபடி கூப்பிட்டுச் சொன்னார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. மாதாமாதம் உடம்புக்கு உத்தரவு போடுவது அதுதான். கம்பத்தில் மோதியதில் அது அடிபட்டுவிட்டது. மாதவிடாய் நின்றது அதனால்தான். அவள் அசதிக்கும் பேச்சு பாதியில் நிற்பதற்கும்கூட அதில் பங்கு இருக்கலாம்.

"அது திரும்ப வேலை செய்யுமா?" என்று கேட்டேன்.

"சிலருக்குச் செய்யும். ஒரு வருஷம் தாண்டிட்டா எதிர்பார்க்கறது கஷ்டம்."

"முன்னாடியே வந்திருந்தா?"

அவர் பூசி மெழுகவில்லை. "முன்னாடியே தெரிஞ்சிருக்கும். சரியாகியிருக்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அப்புறம் மாத்திரை எழுதினார். "இது எலும்பு தேயாம காப்பாத்தும். மாசாமாசம் ரத்தமும் வரும். ஆனா அது மாத்திரை வரவைக்கறது. உடம்பு தானா வரவைக்கறது இல்லை, புரியுதா?"

எனக்குப் புரிந்தது. தங்கை தலையாட்டினாள்.

அடுத்த மாதம் ரத்தம் வந்தது. விரிப்பில் பட்டுவிட்டிருந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் துணியின் கறையைப் பார்த்து முகம் சுளித்தே பழகிய அம்மா, அந்த விரிப்பைத் தானே வாங்கிக் குளிர்ந்த நீரில் அலசி, கொடியில் விரித்துக் காயப்போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்று அழுதாள். 

"அம்மா, அது மாத்திரை வரவைச்சதும்மா" என்றேன்.

"மாத்திரையோ மந்திரமோ, வந்துச்சா இல்லையா? மாசம் திரும்பிடுச்சுன்னா உடம்பு திரும்பிடுச்சுன்னு அர்த்தம்."

தங்கையும் அதைப் பிடித்துக்கொண்டாள். "தலை கொஞ்சம் தெளிவா இருக்குக்கா" என்றாள். கையுறைகளை எடுத்துக் கழுவி நிழலில் உலர்த்தினாள். கோச்சுக்குப் போன் செய்து, தேர்வுக்கு வருகிறேன் என்றாள். அவள் குரலில் பழைய துடிப்பு கொஞ்சம் இருந்தது. டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். "ஒரு தடவை நின்னு பார்த்துடறேனே" என்றாள். தேர்வுக்கு முன்னால் ஒரு நாள் தனியாக வரச் சொன்னார் கோச், நானும் கூடப் போனேன்.

அன்று காலையில் மைதானத்தில் வேறு யாரும் இல்லை. கோச் முதலில் நேராக, மெதுவாக உதைத்தார். பிடித்தாள். கொஞ்சம் வேகமாக உதைத்தார். அதையும் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கோச் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் ஒரு நப்பாசை வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

"சார், கார்னர்லேர்ந்து போடுங்க" என்றாள்.

அவர் தயங்கினார். பிறகு மூலைக்குப் போய்த் தூக்கி அடித்தார். அவள் அண்ணாந்து பார்த்தாள், பாய்ந்தாள். பந்து ஒரு பக்கம் வந்தது, அவள் கைகள் வேறு பக்கம் போயின. சற்றுத் தவறிப்போனது என்றுகூடச் சொல்ல முடியாது. விழுந்தவள் எழுந்து, மண்டியிட்டு, வலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

"இன்னொண்ணு சார்."

"போதும்மா."

"ஒண்ணே ஒண்ணு."

கோச் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டார். கிட்டே வந்து அவள் தோளைத் தட்டி, "ஆபீஸ்ல உனக்கு ஏதாவது வேலை பார்த்துச் சொல்றேன்" என்றார். அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அவளுக்குத் திருப்பிப் பேசவாவது ஒரு வழி இருந்திருக்கும். அவர் குரலில் அவ்வளவு இரக்கம் இருந்தது, என்னால் தாங்க முடியவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து வந்தாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. அவ்வளவு அடர்த்தியாகச் சாயம் ஏற்றியவள் நான்தான்.

வீட்டில் அம்மா வேலைக்குப் போகாமல் காத்திருந்தாள்.

"என்னடி, எப்படிப் போச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "நல்லா போச்சும்மா. கொஞ்ச நாள் கழிச்சுக் கூப்பிடறேன்னு சொன்னாங்க."

"நான்தான் சொன்னேன்ல. உடம்பு சரியாயிடுச்சுன்னா மத்ததெல்லாம் பின்னாடியே வரும்." அம்மாவின் முகத்தை அப்படி நான் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து நீட்டினாள். தங்கை வாங்கி விழுங்கினாள். அம்மா தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய், எதையோ உருட்டியபடி வாய்க்குள் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

தங்கை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இதை நிறுத்தினா அதுவும் நின்னுடும்ல?"

"ஆமா."

"சரி. அம்மா இருக்கறவரைக்கும் போட்டுக்கறேன்."