வெளிச்சம் ஆடிய இடம்

மர்ழியா பிடிவாதக்காரி. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். மாசி மாதம் அவளுடைய புருஷன் ஷிஹாப் பருத்தித்துறைக் கடலில் கடலட்டை பிடிக்கச் சுழியோடிப் போய்த் திரும்பாமல் விட்டபோது, யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு முழுக்க அவளை விதவையாக்கிப் பார்க்க அவசரப்பட்டது. அவள் அசையவில்லை.

படகோட்டி வந்து சொன்னது இதுதான். ஷிஹாப் தண்ணீருக்குள் இருந்த நேரம் அக்கரை இந்திய இழுவைப்படகுகள் வரிசைகட்டி வந்துவிட்டன. உயிருக்குப் பயந்து இவன் படகை அப்பால் ஓட்டினான். திரும்பி வந்து பார்த்தால் ஆளில்லை. "அவங்கள் தூக்கி ஏத்திக்கொண்டு போயிருப்பாங்கள், அக்கா. அங்கை ஏதோ ஒரு மறியலிலை அடைச்சு வைச்சிருப்பாங்கள்," என்றான். தன் நெஞ்சைத் தேற்றத்தான் சொன்னானோ என்னவோ, மர்ழியா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். ஒருவர் அடுத்த கிழமை வரச்சொல்வார். அடுத்த கிழமை போனால் அந்தக் கதிரையில் வேறொருவர் இருந்துகொண்டு, முதலில் இருந்து சொல்லச் சொல்வார்.

ஷிஹாபின் தாய், மாமி நஜ்முன்னிஸா, ஒரே ஒரு நாள்தான் வாய் திறந்தாள். "பிள்ளை, இத்தா இருந்திட்டியெண்டா மனசு கொஞ்சம் ஆறும்."

புருஷனைப் பறிகொடுத்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அலங்காரத்தை விட்டு வீட்டோடு ஒதுங்கியிருப்பதுதான் இத்தா.

"அவர் உயிரோடை இருக்கிறார், மாமி. நான் இத்தா இருந்தா, நானே அவரைக் கொண்டுபோய் அடக்கினமாதிரி."

சொன்னதோடு நின்றாளா? நோன்புப் பெருநாளுக்குப் புதுச் சேலை உடுத்தாள். இரண்டு கையும் சிவக்க மருதாணி வைத்தாள். மகள் பர்ஹானாவைக் கையில் பிடித்துக்கொண்டு தெரு நீளத்துக்கும் நடந்தாள். பார்க்கிற சனம் நல்லாய்ப் பார்க்கட்டும் என்றுதான் நடந்தாள்.

பெருநாள் கழிந்த கையோடு, சித்திரையில், ஷிஹாபின் தம்பி றியாஸுக்கு ஒரு வேலை வந்தது. நிரோஜினி என்றொரு பெண் வடகடலின் அடியில் வாழும் உயிர்களைப் பற்றி ஒரு மணி நேரப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கமெராக்காரனோடு கூட இறங்கிப் பெரிய லைற்றைப் பிடிக்க ஒரு சுழியோடி வேண்டும் என்றாள். அண்ணனும் தம்பியும் புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்து, கற்பிட்டிக் கடலில் முக்குளிக்கப் படித்தவர்கள். றியாஸுக்கு லைற் பிடிப்பது ஒரு வேலையா? ஆனால் நாலு நாள் வேலைக்குப் போனவன், மூன்றாம் நாளே காய்ச்சல் என்று வந்து படுத்துவிட்டான்.

ஐப்பசியில் பருத்தித்துறையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் படம் காட்டினார்கள். வேலை செய்தவர்களின் வீட்டாருக்கும் அழைப்பு வந்தது.

"அதிலை என்ன இருக்கு, மச்சி? மீனும் பாசியும். உங்களுக்கு நித்திரைதான் வரும்," என்று அண்ணிக்குச் சொன்னான் றியாஸ்.

"உன்ரை நானா, என்ரை மனுசன், அதுக்குள்ளதானே கிடந்தவர். நான் ஒருக்காவாவது பாக்கவேண்டாமோ? நாளைக்கு அவர் வந்தா, உங்கடை இடத்தை நானும் பாத்திட்டன் எண்டு சொல்லலாம்."

றியாஸ் தனக்கு வேறு அலுவல் என்று சொல்லிக் கூடப்போகவில்லை.

படம் வடிவாய்த்தான் இருந்தது, குறை சொல்லக்கூடாது. வயல் வயலாய்க் கடற்புல். சொல்லிவைத்தமாதிரி ஒன்றாகத் திரும்பும் மீன்கூட்டம். ஷிஹாப் சொல்லிச்சொல்லி அவள் நம்பாத நிறமெல்லாம் திரையில் இருந்தது. அட, மனுசன் புளுகவில்லை என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. பின்னால் ஒரு குரல் தேனொழுக விளக்கம் சொல்லிக்கொண்டேயிருந்தது.

பிறகு ஒரு வலை வந்தது. இழுவைப்படகில் இருந்து அறுந்து பாறையில் மாட்டிக்கொண்ட வலை. அதற்குள் செத்த ஆமை, செத்த நண்டு. தேன்குரல் இப்போது கவலைப்பட்டது. கமெரா வலையோரமாக நகர்ந்தது. பாறை இடுக்கில், வலைக்குள் சிக்குண்டு, ரோசா நிறத்தில் ஒரு பெல்ற் கிடந்தது. அதில் ஈயக்கட்டிகள்.

சுழியோடிகள் பாரத்துக்காக இடுப்பில் கட்டுவது அது. ஷிஹாபின் பழைய பெல்ற் இற்றுப்போனபோது, பர்ஹானாவின் புத்தகப்பை வார்களை வெட்டி, கறுப்பு நூல் முடிந்துபோனதால் சிவப்பு நூலால் மூன்று வரி அடித்துக் கொடுத்தவள் மர்ழியாதான். "என்ன ஷிஹாப், எத்தனையாம் வகுப்பு?" என்று கூட்டாளிகள் நக்கலடிப்பார்களாம். அந்த மூன்று சிவப்பு வரியும் இப்போது சுவரளவு பெரிதாய் அவளுக்கு முன்னால் நின்றன. கொக்கி பூட்டியபடியே இருந்தது.

அந்த இடத்தில் வெளிச்சம் ஆடியது. ஒரு கணம்தான். லைற்றைப் பிடித்த கை நடுங்கிவிட்டுத் திரும்ப நிமிர்ந்தது. மண்டபத்தில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

படம் முடியச் சனம் கைதட்டியது. மர்ழியா நிரோஜினியைத் தேடிப்போய் அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச்சொன்னாள். மூன்று தரம் பார்த்தாள்.

"ஏதோ குப்பையெண்டுதான் நினைச்சம், அக்கா. ஆருடையது அது?"

மர்ழியா சொன்னாள். நிரோஜினி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

வீட்டில் றியாஸ் வாசலிலேயே நின்றான். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"ஆபத்தெண்டா சுழியோடி முதல்ல கழட்டி எறியிறது பெல்ற்றைத்தான் எண்டு நீதானே சொல்லுவாய்," என்றாள். "கொக்கி பூட்டியிருக்கு, றியாஸ். அவர் கழட்டவேயில்லை."

"ஓம், மச்சி."

"உனக்கு அப்பவே தெரியும்."

"ஓம்." அவன் அழத் தொடங்கினான். "அடுத்த நாள் விடியத் தனியப் போய்த் தேடினன். வேறை ஒண்டும் கிடைக்கேல்லை. பெருநாள் அப்பதான் முடிஞ்சது. உங்கடை கையிலை மருதாணிகூட அழியேல்லை. நான் எந்த வாயாலை சொல்ல?"

மாமி சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டாள். மர்ழியா அழவில்லை. குளிப்பாட்ட மையித்து இல்லை, மண் போடக் கபுறு இல்லை; ஆனால் இத்தாவாவது இருக்கிறதே என்று நினைத்தாள். வளையலைக் கழற்றினாள். யன்னல் சீலையை இழுத்துவிட்டாள். நாலு மாதமும் பத்து நாளும் இனி இந்த அறைதான், அவனை நினைத்து அழ வேண்டியதெல்லாம் இங்கேயிருந்து அழலாம் என்று முடிவெடுத்தாள்.

இத்தா தொடங்கும் நாளைக் குறிக்க மௌலவியைக் கூப்பிட்டார்கள். அறைவாசல் சீலைக்கு அப்பால் இருந்து அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். விரல்விட்டு எண்ணினார்.

"தங்கச்சி, கணக்கு ஆள் மௌத்தான நாளிலை இருந்துதான். நீங்கள் அறிஞ்ச நாளிலை இருந்து இல்லை. உங்கடை இத்தா ஆனியிலேயே முடிஞ்சுபோச்சு."

"நான் இருக்கேல்லையே, ஹஸ்ரத்."

"அறியாமல் விட்டது குற்றமாகாது. அல்லாஹ் மன்னிக்கிறவன்."

குற்றத்தையா அவள் கேட்டாள்? அவள் கேட்டது அந்த நாட்களை. நூற்றுமுப்பது நாள் அவனுக்கென்று இருந்தது. அது அவள் கந்தோர்ப் படி ஏறும்போதும், மாமியிடம் வாய் காட்டும்போதும், பர்ஹானாவோடு சேர்ந்து சிரிக்கும்போதும் பக்கத்தாலே ஓடித் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது.

"சித்திரையிலை சொல்லியிருந்தா ரெண்டு மாசமாவது எனக்குக் கிடைச்சிருக்குமேடா!" என்று வெளியே நின்ற றியாஸைப் பார்த்துக் கத்தினாள். "அதையும் நீ எடுத்துப்போட்டாய்!"

மௌலவி ஒரு துஆ ஓதிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் பர்ஹானாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. படி தாண்டாதே என்று யாராவது தடுப்பார்களா என மர்ழியா வாசலில் கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை. பிள்ளைக்கு நேரம் போகிறது என்று நடந்தாள்.